சைக்கிள் சீட் புண்: வலது பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, 300 கி.மீ.க்கு மூன்று வாரம்தான் இருக்கிறது

பாளை பெடல்

கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். வீட்டில் சொல்ல முடியவில்லை, கூட ஓட்டுகிறவர்களிடம் சொன்னால் அடுத்த தைப்பூசம் வரைக்கும் அதையே சொல்லிச் சிரிப்பார்கள், அதனால் இங்கே.

வயது 41, பாளையங்கோட்டை. இரண்டு வருடமாக ரோடு சைக்கிள். போன டிசம்பரில் 200 கி.மீ. பிஆர்எம், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி, முடித்தேன், பதிமூன்றரை மணி நேரக் கெடுவில் பன்னிரண்டே காலில் வந்துவிட்டேன். அடுத்தது 300, இருபது மணி நேரம். அதற்குத்தான் இன்னும் மூன்று வாரம்.

போன ஞாயிறு அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாகக் கன்னியாகுமரி போய்த் திரும்பினேன். போகவர சுமார் 170. ஆடிக் காற்று தெரியும்தானே, வள்ளியூர் தாண்டினால் காற்றாலை இறக்கை சுற்றுகிற சத்தம் ஒரு பக்கம், சைக்கிளைப் பிடித்துத் தள்ளுகிற காற்று ஒரு பக்கம். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது நாங்குநேரிக்குப் பக்கத்தில், வலது பக்கம் உட்காரும் எலும்பு படுகிற இடத்துக்குச் சற்று உள்ளே, ஒரு சின்னக் கல்லை வைத்து அதன் மேல் உட்கார்ந்திருப்பது போல ஆரம்பித்தது. கடைசி முப்பது கிலோமீட்டர் இடது பக்கமாகவே சரிந்து உட்கார்ந்து ஓட்டி வந்தேன். வீட்டில் குளிக்கும்போது சோப்புத் தண்ணீர் பட்டதும் உயிர் போய்விட்டது.

முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வழண்டு சிவந்திருக்கிறது. நடுவில் மிளகு அளவில் ஒரு கட்டி, தொட்டால் வலி. இது மூன்றாவது தடவை, மூன்று தடவையும் வலது பக்கம்தான், ஏறக்குறைய அதே இடம்.

நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். பேட் வைத்த ஷார்ட்ஸ் ஒன்று இருக்கிறது, அதற்குள் ஜட்டி. சீட்டுக்கு மேல் ஜெல் உறை. கிளம்பும்போது பவுடர் கொட்டிக்கொள்வேன். புண் வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவினேன். மாமா படர்தாமரைக்குப் போடுகிற க்ரீம் ஒன்று வீட்டில் இருந்தது, எல்லாத்துக்கும் கேட்கும் என்றார், நேற்றிலிருந்து அதுவும். இனி என்ன செய்வது? மூன்று வாரத்தில் 300 ஓட்ட முடியுமா?

வள்ளியூர் காத்து

அண்ணாச்சி, நம்ம ஊர் வழியாகப் போய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறீர்கள், ஒரு டீயாவது குடித்திருக்கலாம்.

இது சூட்டுக்கட்டிதான். பத்து மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தால் உடம்பு சூடு எங்கே இறங்கும்? சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டுக் காலையில் வெறும் வயிற்றில் முழுங்குங்கள், இளநீர், பதநீர் கிடைத்தால் அது. கட்டிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டால் ஒரே ராத்திரியில் உடையும், எங்கள் ஆச்சி கைமருந்து. அப்புறம் குறுக்குத்துறையில் இறங்கி அரை மணி நேரம் தாமிரபரணியில் கிடந்தால் பாதி சரியாகிவிடும்.

வலது பக்கம் மட்டும் ஏன் என்று கேட்டீர்களே, அது எங்கள் ஊர்க் காற்றுதான். தெற்கே போகும்போது மேற்கிலிருந்து வருகிற மேகாற்று வலது பக்கம் அடிக்கும், நீங்கள் அந்தப் பக்கமே சாய்ந்து ஓட்டியிருப்பீர்கள். இரண்டு சீசன் ஓட்டினால் தோல் மரத்துவிடும், பயப்படாமல் ஓட்டுங்கள்.

டவுன் மருந்துக்கடை

முதல் வேலை, மாமாவின் க்ரீமை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவரையும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இருபத்திரண்டு வருடமாகக் கவுண்ட்டரில் நிற்கிறேன், இந்த 'எல்லாத்துக்கும் கேட்கும்' க்ரீம்தான் எனக்குப் பெரிய தலைவலி. டியூபைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்ட இரண்டாம் நாள் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும், ஆகா என்று தோன்றும். உள்ளே கிருமி அடங்கியிருக்காது, தோல்தான் மெலிந்துகொண்டிருக்கும். மெலிந்த தோலோடு மறுபடியும் சீட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படர்தாமரைக்கே அது கூடாது, விட்டுவிட்டுப் பரவும். உங்களுக்கு இருப்பது படர்தாமரை மாதிரியும் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் அது பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும், ஓரம் வளையம் மாதிரி இருக்கும், வலியைவிட அரிப்புதான் அதிகம்.

உங்களுக்கு நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அழுத்தம், உரசல், வியர்வை மூன்றும் சேர்ந்து தோலின் மேல் அடுக்கை வழட்டிவிட்டது. தோல் சும்மா இருக்கிறபோது அதன் மேல் இருக்கிற கிருமி ஒன்றும் செய்யாது. வழண்ட இடத்தில் முடியின் வேர்க்குழிக்குள் இறங்கினால் அந்த மிளகுக் கட்டி. விட்டுவிட்டால் அது சீழ் கட்டி நெல்லிக்காய் ஆகும். ஆகவே சூடு என்று வள்ளியூர்க்காரர் சொன்னதை முழுதும் தள்ளவும் மாட்டேன், வெயிலில் வியர்வை அதிகம், ஈரத் தோல் சீக்கிரம் உரியும். ஆனால் வெந்தயம் வயிற்றுக்குள் போய் இந்த இடத்துக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. இளநீர் குடியுங்கள், நல்லதுதான், தாகத்துக்கு.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது, ஆனால் யாருக்கும் பிடிக்காது. சைக்கிளைத் தொடாதீர்கள். தோல் முழுதும் மூடி, அழுத்தினால் வலி இல்லை என்கிற வரைக்கும். காலை மாலை மிதமான சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கிற சூட்டில், பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பிதுக்கக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது. சுண்ணாம்பு கூடவே கூடாது, வழண்ட தோலில் சுண்ணாம்பு வைத்தால் வெந்துபோகும், அப்படி வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றிலும் இப்போதைக்கு இறங்க வேண்டாம், தாமிரபரணி மேல் எனக்கும் பாசம் உண்டு, ஆனால் திறந்த புண்ணோடு ஆற்றுத் தண்ணீர் வேண்டாம். வீட்டில் தளர்வான பருத்தி வேட்டி, கைலி. முபிரோசின் மாதிரிக் கிருமிக்கொல்லிக் களிம்பு தேவையா என்பதை டாக்டர் பார்த்து எழுதித் தரட்டும், நான் இங்கிருந்து எழுதித் தர முடியாது.

காய்ச்சல் வந்தால், சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், கட்டி பெருத்து உள்ளே கொழகொழவென்று இருந்தால், ஒரு வாரத்தில் குறையவே இல்லை என்றால் அன்றைக்கே டாக்டர். சீழ் கட்டியிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுப்பார்கள், களிம்பு மாத்திரையால் மட்டும் அது அடங்காது. மூன்றாவது தடவை என்கிறீர்கள், நாற்பது தாண்டிவிட்டது, சுகரும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்புறம் கட்டி ஆசனவாய்க்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்து கசிந்தால் அது வேறு விவகாரம், பவுத்திரமாக இருக்கலாம். பஸ் ஸ்டாண்ட் சுவர் விளம்பரத்தைப் பார்த்துப் போகாமல் அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் போங்கள்.

ஒன்று கேட்கிறேன், ஜட்டியின் தொடை எலாஸ்டிக் எங்கே வருகிறது என்று பாருங்கள். புண்ணின் மேலேயா?

அம்பை அக்கா

மருந்துக்கடை அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி, நான் சைக்கிள் பக்கத்தைச் சொல்கிறேன். போன வருடம் 200, 300, 400, 600 நாலும் ஒரே சீசனில் முடித்தவள் என்கிற உரிமையில். இதே புண்ணால் அதற்கு முந்தின வருடம் 400-இல் பாதியில் லாரி ஏறி வந்தவளும் நான்தான்.

வள்ளியூர் தம்பி, காற்றுக் கதை நிற்காது. போகும்போது வலது பக்கம் அடித்த காற்று வரும்போது இடது பக்கம்தானே அடிக்கும்? அப்படியென்றால் புண் இரண்டு பக்கமும் வந்திருக்க வேண்டும். அதோடு காற்றுக்குச் சாயும்போது சைக்கிளும் சேர்ந்தே சாய்கிறது, சீட்டில் எடை ஒரு பக்கம் ஒதுங்குவதில்லை. காற்று செய்கிற கெடுதல் வேறு: எதிர்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவோம். சமவெளிச் சாலையில் அதுதான் ஆபத்து. பாபநாசம் ஏற்றத்தில் யாருக்கும் புண் வருவதில்லை, எழுந்து எழுந்து மிதிக்கிறோம். நாலுவழிச் சாலையில் எழுந்திருக்கக் காரணமே கிடையாது. நான் வைத்திருக்கும் கணக்கு, ஒவ்வொரு மேம்பாலத்துக்கும் எழுந்து நிற்பது, பாலம் இல்லாத இடத்தில் சாலையோரம் குளம் கண்ணில் பட்டால் எழுந்து நிற்பது. நம்ம பக்கம் குளத்துக்கா பஞ்சம்? பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது முப்பது வினாடி போதும், அழுந்திக் கிடந்த தோலுக்கு ரத்தம் திரும்ப ஓடும்.

பாளை அண்ணாச்சிக்கு. ஒரு பக்கம் மட்டும் வருகிற புண்ணுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது சீட் உயரத்தை. சீட் அதிக உயரத்தில் இருந்தால் பெடல் கீழே போகும்போது கால் எட்டாது, இடுப்பை இறக்கித்தான் எட்ட வைப்போம். உடம்பு அதை இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போடாது, ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கமே இறங்கிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு எண்பது மிதி என்றால் பத்து மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கு அருகில் வருகிறது. அத்தனை தடவை ஒரே இடம் சீட்டில் தேய்கிறது. அரம் போட்டு ராவுகிற மாதிரிதான். யாரையாவது பின்னால் வண்டியில் வரச்சொல்லி, இடுப்பு மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், புண் ஆறின பிறகு. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் முழங்கால் அப்போதுதான் நேராக வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். சீட் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்றும் ஒரு ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

ஜெல் உறையைக் கழற்றி வீசுங்கள். கடையில் கையால் அமுக்கிப் பார்க்கும்போது பஞ்சு மாதிரி சுகமாக இருக்கும், உட்கார்ந்தால் எலும்பு அதற்குள் புதைந்து, எடை தாங்கக் கூடாத நடுப்பகுதியில் ஜெல் பிதுங்கி வரும், மிதிக்க மிதிக்க உறையும் நகரும். சீட் மெத்தையாக இருக்க வேண்டாம், அகலம் சரியாக இருந்தால் போதும். ஒரு தடிமனான அட்டைப்பெட்டியை வெட்டி, கெட்டியான ஸ்டூலில் போட்டு, முன்னால் குனிந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். அவற்றின் நடுவுக்கு நடு அளவெடுங்கள், சுமார் 10 முதல் 14 செ.மீ.க்குள் வரும். சீட் அதைவிட இரண்டு செ.மீ. போல அகலம் கூட இருக்கட்டும்.

ஜட்டி. பேட் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடவே கூடாது! அந்தப் பேட் தோலோடு நேராக ஒட்டுவதற்காகவே தையல் இல்லாமல் செய்கிறார்கள். ஒவ்வொரு சவாரிக்கும் துவைத்தது, திருப்பிப் போட்டு வெயிலில் காய்ந்தது, நம்ம வெயிலுக்கு இரண்டு மணி நேரம் ஆகாது. துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள், பேட்டில் படிந்துவிடும். பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டிகட்டியாகி மணல் மாதிரி அரைக்கும். வழவழப்புக்குப் பேடுக்கென்று விற்கிற க்ரீம், இல்லையென்றால் குழந்தைகளுக்குப் போடும் ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம். வாசலினும் உதவும், துணியிலிருந்து போகாது. அங்கே முடியைச் சிரைப்பதும் வேண்டாம், வளரும்போது உள்ளே திரும்பிக் கட்டி கட்டும்.

பெண்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை, இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. முன்பக்கம் வீக்கம், எரிச்சல் என்றால் அதுவும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான், நடுவில் பள்ளம் வெட்டிய, கொஞ்சம் அகலமான சீட் தேடுங்கள். மாதவிடாய் நாளில் ஓரத்தில் பிளாஸ்டிக் வைத்த நாப்கினோடு நூறு கிலோமீட்டர் போனால் தொடை இரண்டும் அறுந்துவிடும், மாதவிடாய்க் கப் பழகிக்கொண்டால் தப்பிக்கலாம். வழியில் கழிப்பறை கிடையாது என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள், அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

தச்சை தம்பி

அக்கா, எனக்குப் புண் இல்லை, ஆனால் நாற்பது கிலோமீட்டர் ஆனதும் முன்பக்கம் மரத்துப்போகிறது. அதுவும் இதுதானா?

அம்பை அக்கா

இல்லை தம்பி, அது நரம்பும் ரத்தக்குழாயும் சீட் மூக்கில் அழுந்துவது. புண்ணைவிட அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மரத்ததும் எழுந்து நில், சீட் மூக்கை ஒரு நூல் இறக்கு, நடுப்பள்ளம் உள்ள சீட் போட்டுப் பார். இறங்கின பிறகும் மரமரப்பு நீடித்தால் டாக்டரிடம் போ, கூச்சப்படாதே.

கருப்பட்டி சைக்கிள்

வயது 68. உடன்குடிப் பக்கத்திலிருந்து திசையன்விளைச் சந்தைக்குக் கேரியரில் கருப்பட்டிச் சிப்பம் வைத்து இருபத்தைந்து வருடம் மிதித்தவன். நீங்கள் எல்லாரும் சொல்கிற இந்தப் புண் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பேட் கிடையாது, க்ரீம் கிடையாது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுவதுதான்.

அதனால் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. என் மகன் வாங்கிய ரோடு சைக்கிளில் ஒரு நாள் ஏறிப் பார்த்தேன், எங்கள் வண்டியில் நிமிர்ந்து உட்காருவோம், பாரம் முழுக்க அகலமான பின்பக்கத்தில். இதில் குனிந்து படுக்க வேண்டியிருக்கிறது, சீட்டோ நம் கையகலம்கூட இல்லை. எங்களுடையது ஸ்பிரிங் வைத்த தோல் சீட், அடியில் ஒரு போல்ட் இருக்கும், தோல் தொய்ந்தால் அரைச் சுற்று முடுக்குவோம். புதுச் சீட் பலகை மாதிரி இருக்கும், ஒரு வருடம் மிதித்தபின் நம் பின்பக்கத்துக்கு இரண்டு குழி விழுந்துவிடும், அப்புறம் அதை இரவல் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் குழி மாறிவிடும். சிலர் தோல் இளக வேண்டும் என்று எண்ணெயைக் குளிப்பாட்டுவார்கள், தொட்டில் மாதிரித் தொங்கிப் போகும்.

இன்னொன்று, நாங்கள் ஒரேயடியாக எங்கே போனோம்? மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தடவை வண்டியை விட்டு இறங்குவது, தேரி மணலில் தள்ளிக்கொண்டு நடப்பது, டீக்கடை, மறுபடி ஏறுவது. அக்கா சொல்கிற எழுந்து நிற்பது எங்களுக்கு வேலையோடு வேலையாக நடந்துவிட்டது. நீங்கள் இருபது மணி நேரம் ஓட்டுகிறீர்கள், என்ன அவசரமோ தெரியவில்லை.

வள்ளியூர் காத்து

அக்கா, காற்று விஷயத்தில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். சுண்ணாம்பையும் வாபஸ் வாங்குகிறேன், எண்ணெய்க் குளியல் மட்டும் நிற்கட்டும். ஆனால் பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் புண்ணோடுதானே ஓட்டியிருக்கிறார்கள்?

அம்பை அக்கா

ஓட்டினார்கள், என்ன ஆனது என்றும் பார். பிரான்ஸ் சுற்றுப்போட்டியில் 1953, 54, 55 என்று வரிசையாக மூன்று தடவை ஜெயித்த லூயிசோன் போபே, மூன்றாவது வெற்றியை இந்தப் புண்ணோடுதான் ஓட்டி முடித்தார், பிறகு கத்தி வைக்க வேண்டிவந்தது. அதற்குப் பிறகு பிரான்ஸை அவர் ஜெயிக்கவே இல்லை. அயர்லாந்துக்காரர் ஷான் கெல்லி 1987 ஸ்பெயின் சுற்றுப்போட்டியில் முதலிடத்தில் இருந்தார், முடிய சில நாட்களே பாக்கி, கட்டியால் உட்கார முடியாமல் விலகிவிட்டார். மறு வருடம் வந்து அதே போட்டியை ஜெயித்தார். நமக்கு அதில் யார் வழி வசதி? நாம் 300 முடித்தால் கிடைப்பது ஒரு மெடல், அதையும் நாமே காசு கொடுத்து வாங்க வேண்டும்.

பாளை பெடல்

எல்லாருக்கும் நன்றி, பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

க்ரீமைத் திருப்பிப் படித்தேன், குளோபெட்டசால் என்றே போட்டிருந்தது. மாமாவுக்குக் கோபம், பரவாயில்லை. மருந்துக்கடை அண்ணாச்சி கேட்டது நூற்றுக்கு நூறு: ஜட்டி எலாஸ்டிக்கின் அச்சு புண்ணின் ஒரு ஓரமாகக் கோடு கிழித்தது போல விழுந்திருந்தது. ஒத்தடம் கொடுக்கத் தொடங்கி மூன்றாம் நாள் கட்டி தானாகவே வற்ற ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் டாக்டரிடமும் போனேன், சீழ் இல்லை, மாத்திரை தேவையில்லை, கழுவிக் காயவையுங்கள், ஓட்டாதீர்கள் என்றார். சுகர் நார்மல். எட்டாம் நாள் தோல் மூடிவிட்டது, கொஞ்சம் கருத்திருக்கிறது, பத்தாம் நாள் அழுத்திப் பார்த்தேன், வலி இல்லை.

பதினோராம் நாள், அதாவது நேற்று, மருமகனை ஸ்கூட்டரில் பின்னால் வரச்சொல்லித் தூத்துக்குடி ரோட்டில் அக்கா சொன்ன வீடியோ எடுத்தேன். 'மாமா, என் செல்லில் இதை வைத்திருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்று ஒரே புலம்பல், எடுத்து முடித்ததும் அனுப்பிவிட்டு அழித்துவிட்டான். பார்த்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது: வலது கால் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு அந்தப் பக்கம் தராசுத் தட்டு மாதிரி இறங்குகிறது, இடது பக்கம் அசைவே இல்லை. மே மாதம் ரிப்பேருக்கு விட்டபோது, கால் நன்றாக நீண்டால் வேகம் வரும் என்று சீட்டைத் தூக்கி வைத்துக் கொடுத்தார்கள். முதல் புண் ஜூனில். இதை நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்பில் புளியமரத்திலிருந்து விழுந்து வலது கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தேன். பேண்ட் தைக்கும்போது டெய்லர் எப்போதும் வலது காலை ஒரு விரற்கடை குறைத்துத் தைப்பார், கேட்டால் 'உங்களுக்கு அப்படித்தான் சார்' என்பார்.

அம்பை அக்கா

டெய்லருக்குத் தெரிந்தது சைக்கிள் கடைக்குத் தெரியவில்லை! குட்டைக் காலுக்குத்தான் சீட் உயரம் வைக்க வேண்டும் அண்ணாச்சி. நெட்டைக் கால் கொஞ்சம் கூட மடங்கினால் ஒன்றும் ஆகாது. ஒரேயடியாக இறக்காதீர்கள், ஐந்தைந்து மில்லிமீட்டராக இறக்கி இடுப்பு ஆடாத இடத்தில் நிறுத்துங்கள். செருப்புக்கு அடியில் கட்டை வைப்பதெல்லாம் நீங்களாகச் செய்ய வேண்டாம், ஒரு பிசியோதெரபிஸ்ட் இரண்டு காலையும் அளந்து சொல்லட்டும்.

பாளை பெடல்

மூன்று தடவையாக ஒன்றரை செ.மீ. இறக்கியிருக்கிறேன், ஆட்டம் நின்றுவிட்டது. ஜெல் உறை போயிற்று. அட்டையில் உட்கார்ந்து அளந்தேன், 12.5 செ.மீ. வந்தது, வண்டியோடு வந்த சீட் 13 தான், அதனால் பதினான்கரை அகலத்தில் ஒன்று சொல்லியிருக்கிறேன். ஜட்டி இல்லாமல் முதல் நாள் ஏதோ மறந்துவிட்டுக் கிளம்பியது போலவே இருந்தது. இன்று காலை கிருஷ்ணாபுரம் வரை போய் வந்தேன், பாலம், குளம் எல்லாவற்றுக்கும் எழுந்து நின்றேன், பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

300-க்கு இந்தத் தடவை பெயரை எடுத்துவிட்டேன். ஒன்பது நாள்தான் இருக்கிறது, புதுச் சீட்டோடு முதல் சவாரியே 300 என்பது எனக்கே சரியாகப் படவில்லை. அடுத்தது வரும்போது மாற்று ஷார்ட்ஸ் ஒன்றும் ஈரத்துணியும் பையில் வைத்து, பாதியில் உப்பைத் துடைத்து மாற்றிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

டவுன் மருந்துக்கடை

நல்லது. அந்தக் கருத்த இடத்தை இரண்டு வாரத்துக்குக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருங்கள். மாமாவைக் கடைப் பக்கம் அனுப்புங்கள், தோல் டாக்டர் யாரைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

தச்சை தம்பி

அண்ணாச்சி, கழற்றின பழைய சீட்டைக் கொடுக்கிற எண்ணம் உண்டா? எவ்வளவு?

பாளை பெடல்

சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஆனால் முதலில் அட்டையில் உட்கார்ந்து அளந்துவிட்டு வாருங்கள்.